பாம்பின் நஞ்சும் குதிரையின் குருதியும்



ஏரிகள் நிரம்பி, சம்பா நடவு முடிந்து, வரப்பெங்கும் புல் மண்டி நிற்கும் காலம் உழவனுக்கு நெஞ்சு குளிரும் காலம். ஆனால் நம் உத்திரமேரூர் வட்டத்துச் சிற்றூர்களில் அதுவே பாம்புக்கடிக்கு அஞ்ச வேண்டிய காலமும் ஆகும். வளைகளில் நீர் புகுந்ததும் எலிகள் மேட்டை நாடி வீட்டுப்பக்கம் ஒதுங்குகின்றன. எலியைத் தேடிப் பாம்பும் வருகிறது. நெல் மூட்டை அடுக்கிய தாழ்வாரத்திலும், விறகுக் குவியலிலும், மாட்டுக் கொட்டகையிலும் அது தங்கிவிடுகிறது. 2020-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின் மதிப்பீட்டின்படி, 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் நம் நாட்டில் பாம்புக்கடியால் மாண்டவர்கள் ஏறத்தாழ 12 இலட்சம் பேர். அதாவது ஆண்டொன்றுக்குச் சராசரியாக 58,000 பேர். இவர்களுள் பெரும்பாலோர் நம்மைப் போன்று சிற்றூர்களில் வாழ்ந்தவர்கள்.

ஆகவே இம்மாதம் நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியாகும். அரசு மருத்துவமனைகளில் அதைக் காணலாம். உள்ளே வெண்ணிறத் தூள் இருக்கும். அதில் தூய நீர் விட்டுக் கலக்கினால் 10 மில்லி லிட்டர் மருந்தாகும். பாம்புக்கடி விஷமுறிவு மருந்து என்பது அதன் பெயர்.

இக்குப்பியினுள் இருப்பது யாது? மூலிகைச் சாறன்று, ஆலையில் காய்ச்சி வடித்த இரசாயனமும் அன்று. அது ஒரு குதிரையின் குருதியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட புரதம். அப்புரதத்தை உண்டாக்க அக்குதிரைக்குக் கற்றுக்கொடுத்தது பாம்பின் நஞ்சேயாகும். அந்நஞ்சைத் தம் உயிரைப் பணயம் வைத்து எடுத்துக் கொடுத்தவரோ, ஏரிக்கரையோரம் குடிசை அமைத்து வாழும் இருளர் குலத்தவர். பாம்பு, குதிரை, இருளர் ஆகிய இம்மூவரும் ஒரு குப்பியில் எவ்வாறு கூடினர் என்பதை அறிந்துகொண்டால், கடிபட்டவரை எங்கே கொண்டுசெல்ல வேண்டும், எத்துணை விரைவில் கொண்டுசெல்ல வேண்டும் என்னும் வினாக்களுக்கு விடை தானே விளங்கும்.

பூட்டும் திறவுகோலும்

நம் உடலுக்கு வியக்கத்தக்க ஓர் இயல்பு உண்டு. அந்நியமான பொருளொன்று குருதியில் புகுந்தால், உடல் அதை அடையாளம் கண்டு, அதைப் பற்றிக்கொள்வதற்கென்றே ஒரு புரதத்தை ஆக்குகிறது. உட்புகுந்த பொருளை எதிர்ப்பொருள் தூண்டி என்பர். அதைப் பற்றிக்கொள்ள உடல் ஆக்குவதை எதிர்ப்பொருள் என்பர். ஒரு வீட்டின் திறவுகோல் அடுத்த வீட்டுப் பூட்டைத் திறவாதது போல, ஒரு தூண்டிக்கு எழுந்த எதிர்ப்பொருள் பொதுவாக வேறொன்றைப் பற்றுவதில்லை. இவ்விரண்டும் எங்ஙனம் இணைகின்றன, எவ்வளவுக்கு எவ்வளவு தேவை என்பவற்றை ஆராயும் துறையே நோயெதிர்ப்பு வேதியியல் ஆகும். ஸ்வீடன் நாட்டு வேதியியல் அறிஞர் ஸ்வாந்தே அர்ரேனியுஸ் 1904-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இப்பெயரை வழங்கினார்; 1907-இல் அதே பெயரில் நூலும் வெளியிட்டார்.

பெயர் புதியதாகத் தோன்றலாம். பயனோ நம் இல்லங்களுக்கு நெடுநாள் பழக்கமானது. காய்ச்சல் ஒரு வாரம் நீடித்தால் மருத்துவர் 'வைடால்' பரிசோதனைக்கு எழுதித் தருகிறார் அல்லவா? குடற்காய்ச்சல் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள் நோயாளியின் குருதியில் உள்ளதா என்று பார்க்கும் இம்முறையை 1896-இல் பிரெஞ்சு மருத்துவர் விடால் வகுத்தார். இரத்த தானம் செய்தவர்கள் இன்னொன்றைக் கண்டிருப்பார்கள். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு இரத்தத்துடன் ஒரு சொட்டு மருந்தைக் கலந்தால், சில வகை இரத்தம் திரிந்த பால்போல் திரண்டுவிடும். சில வகை திரளாது. அதைக்கொண்டே இரத்த வகையைக் கூறுகின்றனர். கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-இல் விளக்கிய உண்மை இது. இளந்தாய்மார் கருவுற்றதை அறியப் பயன்படுத்தும் சிறு அட்டையில் தோன்றும் கோடும் எதிர்ப்பொருளின் வேலையே. 1986-ஆம் ஆண்டில் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டு, எய்ட்ஸ் நோய்க் கிருமி நம் நாட்டிலும் உள்ளது என்பது முதன்முதலாகத் தெரியவந்ததும் இவ்வகைச் சோதனையாலேயே.

இவை யாவும் நோயைக் கண்டறிய உதவும் வகைகள். எதிர்ப்பொருளையே மருந்தாக ஏற்றி உயிர் காக்க இயலுமா? இயலும். நாம் சொல்லவந்த குப்பி அதற்குச் சான்று.

ஒருவர் ஆக்கியதை மற்றொருவருக்கு ஈதல்

நச்சுப்பாம்பு கடித்த மனிதனின் உடலும் எதிர்ப்பொருளை ஆக்கத்தான் முயலும். ஆனால் அதற்குப் பல நாள்கள் வேண்டும். நஞ்சோ சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும். அங்ஙனமாயின், முன்னதாகவே வேறோர் உடல் ஆக்கிவைத்த எதிர்ப்பொருளைக் கடன் வாங்கிக் கொடுத்தால் என்ன?

இவ்வழியை முதலில் திறந்தவர்கள் ஜெர்மானியரான எமில் பேரிங்கும் ஜப்பானியரான கிட்டசாட்டோவும் ஆவர். தொண்டை அடைப்பான், இசிவு நோய் ஆகியவற்றின் நஞ்சைச் சிறிது சிறிதாக ஏற்றிப் பழக்கிய விலங்கின் குருதிநீர், வேறொரு விலங்கைக் காக்கும் என்பதை 1890-இல் அவர்கள் காட்டினர். மருத்துவத்திற்கான முதல் நோபல் பரிசு 1901-இல் பேரிங்குக்கு வழங்கப்பட்டது.

அதே காலத்தில் பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட் வியட்நாமின் சைகோன் நகரில் பணியாற்றிவந்தார். 1891-ஆம் ஆண்டில் அப்பகுதியில் வெள்ளம் சூழ்ந்த கிராமமொன்றில் நாகப் பாம்புகள் வீடுகளுக்குள் புகுந்து பலரைக் கடித்தன, சிலர் மாண்டனர். நம் ஏரிக்கரை ஊர்களில் மழைக்காலத்தில் நடப்பதும் இதுவே அன்றோ? அந்நிகழ்ச்சியால் உந்தப்பட்ட கால்மெட், பின்னர்ப் பிரான்சு நாடு திரும்பி, நாகத்தின் நஞ்சுக்கு எதிரான குருதிநீரை ஆக்கினார். 1895-ஆம் ஆண்டளவில் பாம்புக்கடிக்கு முதல் மருந்து பிறந்தது.

தம் மருந்து எல்லாப் பாம்புகளுக்கும் பொருந்தும் என்று கால்மெட் எண்ணினார். அது அவ்வாறன்று என்பதைப் பிரேசில் நாட்டில் விட்டால் பிரேசில் என்னும் மருத்துவரும், இந்தியாவில் பணியாற்றிய ஜார்ஜ் லாம்ப் என்னும் மருத்துவ அதிகாரியும் மெய்ப்பித்தனர். நாகத்தின் நஞ்சுக்கு எழுந்த எதிர்ப்பொருள் கண்ணாடி விரியனின் நஞ்சைப் பற்றுவதில்லை. பூட்டு வேறு; திறவுகோல் வேறு.

இதனால்தான் இன்று நம் நாட்டில் ஆக்கப்படும் மருந்தில், பெரும்பாலான உயிர்களைப் பறிக்கும் நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் எதிர்ப்பொருள் சேர்ந்திருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்பவையே அந்நான்கு. கடித்தது இவற்றுள் எதுவெனத் தெரியாவிடினும் அதே மருந்தைத் தரலாம். ஆகையால் பாம்பை அடித்துக் கையோடு கொண்டுவர வேண்டிய தேவையில்லை. அடிக்கப் போய்த் தாமும் கடிபட்டவர்கள் உண்டு.

கவட்டையின் கைப்பிடி

குதிரைக்கு முதலில் மிகக் குறைந்த அளவு நஞ்சை ஊசி வழியாகச் செலுத்துவர். அது தாங்கிக்கொண்டதும் நாள்போக்கில் சிறிது சிறிதாக அளவைக் கூட்டுவர். சில மாதங்களில் அதன் குருதியில் எதிர்ப்பொருள் மிகுந்துவிடும். பின்பு குருதியை எடுத்து, அதிலுள்ள சிவப்பணுக்களைப் பிரித்துக் குதிரைக்கே மீண்டும் செலுத்திவிட்டு, நீர்ப்பகுதியை மட்டும் வைத்துக்கொள்வர்.

ஆனால் குதிரையின் புரதத்தை அப்படியே மனிதனுக்குச் செலுத்தினால், நம் உடல் அதனையே அந்நியனாகக் கண்டு போர்தொடுக்கும். இவ்விடரைக் குறைக்க வழிகாட்டியவை எதிர்ப்பொருளின் வடிவத்தை ஆராய்ந்த வேதியியல் அறிஞர்களின் உழைப்புகள். எதிர்ப்பொருள், நம் சிறுவர் மாங்காய் அடிக்க வைத்திருக்கும் கவட்டையின் வடிவில் இருப்பது. இரு கிளைகளின் நுனிகளே நஞ்சைப் பற்றுவன. கைப்பிடிக்கு வேறு வேலை. இங்கிலாந்தைச் சேர்ந்த ராட்னி போர்ட்டர் 1959-இல் எதிர்ப்பொருளைத் துண்டுகளாகப் பிரித்துக் காட்டினார். அதற்கு அவர் பயன்படுத்திய பொருள் பப்பாளிப் பாலிலுள்ள பப்பாயின் ஆகும். கறி விரைவில் வேகப் பப்பாளிக்காய்த் துண்டைச் சேர்க்கும் நம் இல்லத்தரசியர், புரதத்தை அறுக்கும் அதே பொருளைத்தான் கையாளுகின்றனர்! போர்ட்டரும் அமெரிக்கரான எடல்மனும் இவ்வாய்வுக்காக 1972-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இன்று நம் நாட்டு விஷமுறிவு மருந்து ஆக்குவோர், வயிற்றில் உணவைச் செரிக்கச் செய்யும் பெப்சின் என்னும் பொருளைக் கொண்டு கைப்பிடியை அறுத்துவிட்டு, இணைந்த இரு கிளைகளை மட்டும் எடுத்துத் தூய்மை செய்து, உறையவைத்து உலர்த்திக் குப்பியில் அடைக்கின்றனர். இவ்வளவு செய்தும் ஒவ்வாமை அறவே நீங்கிவிடவில்லை. மருந்து ஏறும்போதே சிலருக்கு உடல் தடித்து, மூச்சுத் திணறி, இரத்த அழுத்தம் வீழ்வதுண்டு. உடனே அட்ரினலின் ஊசி போட மருத்துவர் அருகிலிருக்க வேண்டும். எனவே இம்மருந்தை மருத்துவமனையில் அன்றி வீட்டுத் திண்ணையில் போட்டுக்கொள்ள இயலாது. வீடு திரும்பி ஒன்றிரண்டு வாரங்களில் காய்ச்சலும் மூட்டு வலியும் தடிப்பும் கண்டால், பாம்பின் நஞ்சு மீண்டும் ஏறிவிட்டது என்று அஞ்சாமல் மருத்துவரிடம் மறுபடியும் செல்க. அது குதிரைப் புரதத்தால் வருவது, மருந்துக்குக் கட்டுப்படும்.

வடநெம்மேலியின் மண்பானைகள்

குதிரைக்குச் செலுத்தும் நஞ்சு எங்கிருந்து வருகிறது? அதற்கு விடை நமக்கு அண்மையிலேயே உள்ளது. முன்பு நம் காஞ்சிபுரம் மாவட்டத்துடன் இருந்து, 2019-இல் தனி மாவட்டமான செங்கல்பட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வடநெம்மேலி என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள முதலைப் பண்ணையை ஒட்டி இயங்குவது இருளர் பாம்புப் பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம்.

இருளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பையும் எலியையும் பிடிப்பதில் வல்லவர்கள். முன்னாளில் பாம்பைப் பிடித்துத் தோல் வாணிகருக்கு விற்று வயிறு வளர்த்தனர். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதியும் தடுக்கப்பட்டது. பாம்புகள் தப்பின, இருளரின் அடுப்புகள் அணைந்தன. அப்போது பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேக்கரும் இருளர்களும் இணைந்து ஒரு வழி கண்டனர். பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்து விற்பதே அவ்வழி. 1978-இல் சங்கம் பதிவாயிற்று.

இருளர் வயல் வரப்பில் ஒரு தடத்தைப் பார்த்தே எவ்வகைப் பாம்பு எவ்வழி சென்றது என்று கூறிவிடுவர். பிடித்துவந்த பாம்பை மண்பானையில் இட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பர். ஏறத்தாழ மூன்று வாரம் வைத்திருந்து, வாரம் ஒருமுறை, மெல்லிய தோல் கட்டிய கண்ணாடிக் குவளையைக் கடிக்கச் செய்து நஞ்சை வடிப்பர். பின்பு அதன் வயிற்றுச் செதிலில் அடையாளமாகச் சிறு வெட்டுப் போட்டுக் காட்டில் விட்டுவிடுவர். அடையாளம் மறையும்வரை அதே பாம்பை மறுபடியும் பிடிப்பதில்லை. வடித்த நஞ்சு உலர்த்தப்பட்டு, மகாராட்டிரம், தெலங்கானா முதலிய மாநிலங்களில் மருந்து ஆக்கும் நிறுவனங்களுக்குச் செல்கிறது. நாடெங்கும் பயன்படும் விஷமுறிவு மருந்தின் பெரும்பகுதிக்கு அடிப்படை, இச்சிறு சங்கம் தரும் நஞ்சே.

செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இவர்கள் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திற்கு அழைக்கப்பட்டு, அங்குப் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்துத் திரும்பியவர்கள். பள்ளிப் படிப்பை எட்டிப்பிடிக்க இயலாத கைகள், பல்கலைக்கழகம் பயின்றோருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தன.

ஒரு குப்பியின் கணக்கு

இப்போது சிறு கணக்கொன்றைப் பார்ப்போம். இம்மருந்தின் ஒவ்வொரு மில்லி லிட்டரும் நல்ல பாம்பின் நஞ்சில் 0.6 மில்லி கிராமையும், கண்ணாடி விரியனின் நஞ்சில் 0.6 மில்லி கிராமையும், கட்டுவிரியனின் நஞ்சில் 0.45 மில்லி கிராமையும், சுருட்டை விரியனின் நஞ்சில் 0.45 மில்லி கிராமையும் முறிக்க வல்லது. ஆக, 10 மில்லி லிட்டர் குப்பி ஒன்று, கண்ணாடி விரியனின் நஞ்சில் 6 மில்லி கிராமை முறிக்கும். அப்பாம்பு ஒரு கடியில் செலுத்தும் நஞ்சோ சராசரியாக 63 மில்லி கிராம் அளவினது. எனவேதான் மருத்துவர் தொடக்கத்திலேயே 8 முதல் 10 குப்பிகளைக் குளுக்கோஸ் அல்லது உப்பு நீருடன் கலந்து ஏற்றுகிறார்.

"சிறு குழந்தைக்கு இத்தனை குப்பியா?" என்று தாய்மார் அஞ்சி வினவுவதுண்டு. குழந்தையைக் கடிக்கிறோம் என்று பாம்பு நஞ்சைக் குறைத்துக் கொடுப்பதில்லையே! முறிக்க வேண்டியது நஞ்சின் அளவையே அன்றி, நோயாளியின் எடையை அன்று. ஆதலால் குழந்தைக்கும் பெரியவருக்கும் அளவு ஒன்றே.

இன்னோர் உண்மையை நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். எதிர்ப்பொருள் குருதியில் திரிந்துகொண்டிருக்கும் நஞ்சைத்தான் பற்றும். நஞ்சு ஏற்கெனவே அழித்துவிட்டதை அது சீர்செய்யாது. கட்டுவிரியனின் நஞ்சு நரம்பு நுனிகளைச் சிதைத்துவிட்டால், எத்தனை குப்பி ஏற்றினாலும் அவை உடனே பிழைத்தெழா. நாள் கணக்கில் செயற்கைச் சுவாசக் கருவியில் வைத்துக் காக்க வேண்டியதுதான். கண்ணாடி விரியனின் நஞ்சு குருதியை உறையவிடாமல் செய்து, சிறுநீரகத்தையும் கெடுக்கும். இதனை அறியும் சோதனை மிக எளிது. 2 மில்லி லிட்டர் இரத்தத்தைத் தூய உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துப் பின்பு சாய்த்துப் பார்ப்பர். உறையாமல் நீராக ஓடினால் நஞ்சு வேலை செய்கிறது என்பது உறுதி.

எமது பங்கைச் சூழ்ந்த ஊரொன்றில் சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததைக் கூறுவோம். மாலையில் மடை திறக்கச் சென்ற உழவரொருவரைக் கணுக்காலில் கண்ணாடி விரியன் கடித்தது. உறவினர் காலைக் கயிற்றால் இறுகக் கட்டி, மந்திரிப்பவரிடம் கொண்டுசென்றனர். வேப்பிலை அடித்து, வேரொன்றை மெல்லக் கொடுத்து, "விஷம் இறங்கிவிட்டது" என்று அனுப்பிவைத்தார் அவர். விடியற்காலையில் ஈறுகளில் குருதி கசிந்தது, சிறுநீர் நின்றது. அதன் பின்னரே மருத்துவமனை. உயிர் மிஞ்சியது, ஆனால் கட்டிய இடம் அழுகிப் புண்ணாயிற்று. சிறுநீரகங்கள் தேறுமட்டும் பல வாரங்கள் குருதியைச் சுத்திகரிக்க வேண்டியதாயிற்று. கணவனுக்குத் துணையாக மருத்துவமனை வாசலில் கிடந்த மனைவி கூலிக்குப் போகவில்லை. மூத்த மகன் பள்ளியை விட்டான். அரைக்காணி நிலம் கைமாறிற்று. கடித்தது பாம்பு, ஆனால் நிலத்தையும் பிள்ளையின் படிப்பையும் விழுங்கியது அந்த ஓர் இரவின் தாமதம்.

மந்திரம் ஏன் பலித்ததுபோல் தோன்றுகிறது?

"எங்கள் தாத்தா காலத்தில் மந்திரித்தே எத்தனையோ பேர் பிழைத்தார்களே" என்று பெரியோர் கூறுவர். அவர்கள் பொய் கூறவில்லை. சோழர் காலத்தில் நஞ்சு தீர்க்கும் வைத்தியர்க்கென விடப்பட்ட நிலத்திற்கு விஷஹரபோகம் என்று பெயர் இருந்தது. அக்காலத்தவர் தமக்குத் தெரிந்த நல்லதை ஊர்ப்பொறுப்பாகவே செய்தனர். ஆயினும் பிழைத்தவர்கள் பிழைத்தது எதனால் என்பதை ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

நம் ஊர்களில் காணும் சாரையும் தண்ணீர்ப்பாம்பும் உயிர் போக்கும் நஞ்சில்லாதவை. நச்சுப்பாம்பும் சில வேளைகளில் நஞ்சைச் செலுத்தாமல் கடித்துவிட்டு ஓடிவிடும். இவர்களெல்லாம் மந்திரித்தாலும் பிழைப்பர், மந்திரிக்காவிட்டாலும் பிழைப்பர். புகழ் மட்டும் மந்திரிப்பவருக்கு. உண்மையில் நஞ்சேறியவர் மாண்டாலோ, "விதி முடிந்தது" என்று பழியை விதியின்மேல் போட்டுவிடுகிறோம். நஞ்சை அறிந்த திறவுகோல் எதிர்ப்பொருள் ஒன்றே. வேப்பிலைக்கும் மிளகுக்கும் விஷக்கல்லுக்கும் அப்பூட்டு தெரியாது.

இதை எழுதும் நாம் குருவானவராயிற்றே, இறைவேண்டலைக் குறைத்துச் சொல்கிறோமோ என்று எவரும் எண்ண வேண்டா. கடிபட்டவரை முதலில் ஆலயத்துக்குத் தூக்கிவந்து தீர்த்தம் தெளிக்கக் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்வது இதுவே: வண்டி நேரே மருத்துவமனைக்குப் போகட்டும், செபமாலையை வண்டியிலேயே சொல்லலாம். குருவானவர் பின்னாலேயே வந்து சேர்வார். மருத்துவனையும் மருந்தையும் அளித்தவர் இறைவனே என்பது நம் திருச்சபை என்றும் போதித்துவந்த உண்மை.

செய்யத்தக்கவையும் தகாதவையும்

கடிபட்டவரை ஓடவிடாமல், நடக்கவிடாமல், படுக்கவைத்து ஆறுதல் கூறுக. கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்தால் செய்வதுபோல் ஒரு மட்டையுடன் தளர்வாகக் கட்டி, அசையாமல் வைக்க. மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி முதலியவற்றை வீக்கம் வருமுன் கழற்றுக. 108-க்குத் தொலைபேசியில் அழைக்க. வண்டி வரத் தாமதமாகுமாயின் கிடைத்த ஊர்தியில் புறப்படுக. கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்க.

இறுகக் கட்டாதீர், பிளேடால் கீறாதீர், வாயால் உறிஞ்சாதீர், பனிக்கட்டி வைக்காதீர், வேரோ சாறோ சாராயமோ கொடுக்காதீர்.

கட்டுவிரியனைக் குறித்துத் தனியே எச்சரிக்க வேண்டும். அது இரவில் வந்து, தரையில் உறங்குவோரைக் கடிக்கும். வலியும் வீக்கமும் பெரும்பாலும் இரா. பல் பதிந்த தடமும் தெரியாமற் போகலாம். விடியலில் வயிற்றுவலி என்பர், வாந்தி என்பர். அஜீரணம் என்று எண்ணிக் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்கும்போதே இமைகள் தாழும், பேச்சுக் குழறும், மூச்சு அடங்கும். மழைக்காலத்தில் தரையில் படுத்திருந்தவருக்கு விடியற்காலையில் காரணமற்ற வயிற்றுவலியும் இமைத் தளர்ச்சியும் கண்டால், பாம்புக்கடியாக இருக்கலாம் என்று எண்ணி உடனே புறப்படுக. கூடுமானவரை கட்டிலில் படுத்து, கொசுவலையின் ஓரங்களைப் பாயின் கீழ்ச் செருகிவிடுக. இரவில் வெளியே செல்வோர் செருப்பணிந்து, விளக்கோடு செல்க. நெல்லும் விறகும் படுக்கையை விட்டு எட்டியிருக்கட்டும்.

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்யத்தக்க நோயாக்கியது. அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் பாம்புக்கடிக்கு வருவோரின் விவரத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். எங்கெங்கே எத்தனை பேர் கடிபடுகின்றனர் என்பது தெரிந்தால்தான், எந்த ஊர் மருத்துவமனையில் எத்தனை குப்பிகளை வைக்க வேண்டும் என்பதும் தெரியும்.

ஆய்வும் ஓய்ந்துவிடவில்லை. ஒரே இனப் பாம்பின் நஞ்சும் ஊருக்கு ஊர் மாறுபடுவதால், தமிழகத்து நஞ்சைக்கொண்டு ஆக்கிய மருந்து வடமாநிலங்களில் சில பாம்புகளுக்கு முழுப்பயன் தருவதில்லை என்பதைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் குழுவினர் காட்டியுள்ளனர். குதிரையின் துணையின்றி, ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய மனித எதிர்ப்பொருளொன்று, நாகமும் கட்டுவிரியனும் சுமக்கும் ஒருவகை நரம்பு நஞ்சை எலிகளில் முறித்தது என்று 2024-இல் அவர்களும் அமெரிக்க அறிஞர்களும் வெளியிட்டனர். அது மருந்தாகி நம் ஊர் வர இன்னும் காலம் செல்லும். அதுவரை நமக்குக் காவல் குதிரைதான். குதிரைக்கு நஞ்சு தருவது இருளரின் கைதான்.

அந்தக் கைகளை நாம் எப்படி நடத்துகிறோம்? அரசின் பட்டியலில் இருளர் மிகவும் நலிவுற்ற பழங்குடியினர். அரிசி ஆலைகளிலும் செங்கற் சூளைகளிலும் கடனுக்கு அடிமைப்பட்டுக் கிடந்த இருளர் குடும்பங்கள் இம்மாவட்டத்தில் மீட்கப்பட்டதை நாம் அறிவோம். மனைப்பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் அவர்கள் அலைவதையும் காண்கிறோம். வயலில் எலி பிடிக்க வேண்டும், வீட்டில் புகுந்த பாம்பை அகற்ற வேண்டும் என்றால் அவர்களைத் தேடுகிறோம். வேலை முடிந்ததும், திண்ணையில் அமரச் சொல்லுகிறோமா? அவர்கள் பிள்ளை நம் பிள்ளையோடு ஒரே பலகையில் அமர்ந்து படிக்க மனம் ஒப்புகிறோமா? சான்றிதழுக்கு மனு எழுதித் தர நம் இளைஞர் மன்றத்தார் ஒரு ஞாயிறு மாலையை ஒதுக்கலாகாதா?

நம் இல்லத்தில் ஒருவர் கடிபட்டு மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் இரவில், சொட்டுச் சொட்டாக இறங்கும் அந்த மருந்து, எங்கோ ஒரு வரப்பில் குனிந்து வெறுங்கையால் பாம்பைப் பற்றிய ஓர் இருளரின் உழைப்பு. அவர் யாரென நாம் அறியோம். நாம் யாரென அவர் அறியார். அவர் உயிரைப் பணயம் வைத்து நமக்கு ஈட்டித் தந்தது சில மணி நேரம். அந்நேரத்தை மந்திரிப்பவர் வாசலில் வீணாக்காதிருப்பதும், அவர் பிள்ளைகளை நம் வாசலில் நிறுத்தாமல் உள்ளே அழைப்பதும் நாம் அவருக்குச் செலுத்த வேண்டிய கடன்.